கதவுக்கான தொகை

பதினொரு வருடம் நான் எடுத்த ரத்தமெல்லாம்
மாதையனின் சீட்டுக்கு அடியில்தான் பயணம் போனது.
காலை ஏழு இருபது, பென்னாகரம் – தருமபுரி.
தெர்மாகோல் பெட்டி, அதன்மேல் சிவப்பு மையில்
நான் எழுதிய ‘மேல்புறம்’.
பக்கத்தில் தக்காளிக் கூடை, சில நாள் கால் கட்டிய சேவல்.
இண்டூர் தாண்டும் முன்பே ஐஸ் தண்ணீராகிவிடும்.
பிரேக் போட்டால் குழாய்கள்
பல் கிட்டுவதுபோல் நடுங்குகின்றன என்பார் மாதையன்.
காய்ச்சலைப் பற்றி ஒரு கண்டக்டருக்கு
அதைவிட என்ன தெரிய வேண்டும்.

தருமபுரியில் முடியாதது சேலம் போகும்.
சேலத்தில் வரிசை.

சின்னக்காளிக்கு முப்பத்து நான்கு வயது.
அக்குளில் ஒரு கறுத்த பொருக்கு, பீடி சுட்ட அளவு.
கையைத் தூக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை.
நானும்தான். நான் பார்த்தது நரம்பை மட்டும்.
நாலாம் நாள் போய்விட்டான்.
பதினைந்தாம் நாள் தாள் வந்தது.
அன்றைக்கு அவனுக்குக் கருமாதி.

மறுவாரம் மல்லம்மாள் வந்தாள்.
“இதுல என்னா போட்டிருக்குது?”
உண்ணி கடிச்ச காய்ச்சல் என்றேன்.
“இதுக்கு மாத்திரை இருக்குதா?”
இருந்தது.
மருந்தறையில், இடது பக்கம், இரண்டாவது தட்டில்
அட்டை அட்டையாக.
இருக்குது என்றேன்.
பொய் சொல்ல வந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.
அவள் தாளை நாலாக மடித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு பணம் வந்தது.
‘வட்டார ஆய்வகங்களை வலுப்படுத்துதல்’ என்று
அரசாணையில் தடித்த எழுத்து.
பெயின்ட் வந்தது, டைல்ஸ் வந்தது,
பெயர்ப்பலகைக்கு ஒரு தொகை,
அதைத் திறக்கிற திரைச்சீலைக்கு ஒரு தொகை.
லாரியில் கேபினட் வந்தது.
அகலம் மூன்றடி.
எங்கள் கதவு இரண்டரை.

ஏழு வாரம் அது வராந்தாவில் நின்றது,
பிரிக்காத அட்டைக்குள், புளியமரத்து நிழலில்.
தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகள்
அதன்மேல் பூனையும் விமானமும் வரைந்தார்கள்.
கதவை இடிக்க மதிப்பீட்டில் வரி இல்லை என்றார் பொறியாளர்.
கடிதம் எழுதினோம்.
பதில் கடிதம், நாங்கள் எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
சுகாதார ஆய்வாளர் தீர்த்தகிரி
தன் மச்சானைக் கூட்டிவந்தார். கொத்தனார்.
கையில் சம்மட்டி.
யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.
மதியத்துக்குள் சுவரில் ஆறங்குலம் காணோம்.
சிமென்ட் மூட்டை எந்தக் கணக்கில் வந்தது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது;
தணிக்கைக்காரர் கேட்டாலும்
இதைத்தான் சொல்வேன்.

முதல் தட்டு, ஒரு புதன்கிழமை.
தொண்ணூற்றாறு குழியில் ஒன்பது பேர்.
எண்ணி எண்ணி ஊற்றினேன்,
ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி,
வியர்வை கண்ணில் இறங்க இறங்க.
முதலில் லேசாக நீலம்.
அமிலம் பட்டதும்
மூன்றாவது குழி மட்டும் மஞ்சள்,
அப்படி ஒரு மஞ்சள்,
தோட்டத்திலிருந்து அன்றைக்கே பறித்த சாமந்தி.
சென்றாயன், நாற்பத்தொன்று, ஊட்டமலை, பரிசல் ஓட்டுபவர்.
மணி மூன்று ஐம்பது.
வார்டுக்கு நான் நடந்தே போனேன்.
ஓடியிருக்கலாம். கால் வரவில்லை.
அட்டையைக் கிழித்து முதல் மாத்திரையை
நர்ஸ் அவர் கையில் வைத்தபோது
“இது எவ்வளவுங்க?” என்றார்.
டீ விலைகூட இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸை நிறுத்தி
மாதையன் தலையை நீட்டினார்.
“இன்னைக்குப் பொட்டி இல்லீங்களா?”
இல்லை.
“நாளைக்கு?”
நாளைக்கும் இல்லை.
விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் கொஞ்சம் நின்றார்.
பிறகு யாருடைய தக்காளிக் கூடையையோ
அந்த இடத்துக்குத் தள்ளினார்.

கிட் மார்ச் வரைக்கும்தான்.
ஏப்ரலைப் பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை,
நான் மூன்று தடவை படித்துவிட்டேன்.
தெர்மாகோல் பெட்டியைக் கழுவி
வெயிலில் காயவைத்து
அலமாரிக்கு மேலே ஏற்றியிருக்கிறேன்.
‘மேல்புறம்’ மேலே இருக்கிறபடி.