பார்த்தவர் பட்டியல்

ரோட்டர்டாம், தெற்குக் கரை, ஏழாம் மாடி.
இரவு மணி ஒன்று நாற்பது.
கைபேசியை உப்புக் குப்பிமேல் சாய்த்துவைத்து
ஆறிப்போன சூப்பைக் குடிக்கிறாள் லீஸ்பெத்.
இது கள ஆய்வு.
களத்தில் சேறு இல்லை.
கட்டைவிரல் மட்டும் நடக்கிறது.

பதினான்கு மாதமாய் அவள் பார்த்துவரும் பையன்
துறைமுக வேலி ஏறிக் குதிக்கிறவன்.
கொள்கலனுக்குள், வாழைப்பழப் பெட்டிகளின் பின்னால்
யாரோ வைத்ததை எடுத்துவந்து
வேறு யாரிடமோ கொடுக்கிறவன்.
குறிப்பேட்டில் அவன் பெயர் ப-9.
முகம் மறைத்து அவன் போடும் படங்களில்
புதுக் காலணி வரும்,
கேப் வெர்டி அம்மா ஆக்கிய சோளக் குழம்பு வரும்,
அடிக்கடி ஒரு நாய் வரும்.
இருபத்து நான்கு மணி நேரம்தான், அழிந்துவிடும்.
அதற்குள் அவள் எழுதிவைப்பாள்:
நாய்க்கு இடது காது இல்லை.

அவனுக்குத் தெரியுமா என்று கேட்டது
ஆய்வுநெறிக் குழு.
பொதுவெளிதானே என்று பதில் எழுதினாள்,
எழுந்துபோய்த் திரைச்சீலையை
இழுத்து மூடிவிட்டு.
களத்துக்கும் களவுக்கும் எவ்வளவு தூரம்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிப்ரவரியில் செய்தி வந்தது.
"படமில்லாத கணக்கே,
நான் எது போட்டாலும்
பார்த்தவர் பட்டியல்ல நீதான் முதல் ஆளு.
என் அண்ணன்கூட இப்படிப் பார்க்கிறதில்ல.
நீ போலீசா?"

எட்டிப் பார்த்த கண்ணாடியில்
அவள் மூச்சுப் படிந்திருந்தது
இத்தனை நாளும்.

சொன்னாள். பல்கலைக்கழகம், குற்றவியல்,
வேண்டாமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.
மூன்று நாள் மௌனம். பிறகு:
"மழை ராத்திரி கிரேன்மேல ஏறினேனே,
அந்த வீடியோ
யாருக்குப் போட்டேன்னு நினைக்கிறே?"
அதற்கு அடியிலேயே இன்னொன்று:
"எழுதிக்கோ. நாயையும் எழுது."

அந்த மழை இரவின் குறிப்பைத் தேடி எடுத்தாள்.
அவள் கையெழுத்தேதான்:
துணிச்சல் கூடுகிறது. காரணம் தெரியவில்லை.

உள்ளபடி அச்சிட்டால்
ஒரே தேடலில் அவன் வாசல்வரை போய்விடலாம்.
அதனால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
'பார்வையாளர் இருப்பது தம் நடத்தையைப் பாதித்ததாகப்
பங்கேற்பாளர் ஒருவர் தெரிவித்தார்'
என்று இருக்கிறது.
அவன் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது.

நாயையும் எழுதினாள்.
அடையாளம் தெரியக்கூடாதென்பது விதி.
இரண்டு காதும் வைத்துவிட்டாள்.