மூன்றாம் நாள்

புயல் போன மறுநாளே வந்துவிட்டான் ட்வேன்.
லேக் சார்ல்ஸில் எங்கள் தெரு முழுக்கக்
கூரைகளை எண்ணிக்கொண்டே வந்திருப்பான்.
காசு கேட்காமல் நீலத் தார்ப்பாயை விரித்து
ஆணி அடித்தான்.
இறங்கி, வியர்வை சொட்டிய தாளை நீட்டினான்.
ஒடெட் கையெழுத்துப் போட்டாள்.

பொடி எழுத்தை இரவில்தான் படித்தேன்:
காப்பீட்டுப் பணம் மொத்தமும் அவனுக்கு.
மூன்று நாளுக்குள் வேண்டாம் எனலாம்,
அது இன்னும் பொடியாக.

தபால் நிலையம் மூட ஆறு நிமிடம்.
முத்திரை விழுந்த பிறகுதான்
ஒடெட் என் சட்டையை விட்டாள்.

வாரக் கடைசியில் வந்தான்.
வாசல் புல்லில் நட்டிருந்த
தன் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக்கொண்டான்.
அண்ணாந்து ஒருமுறை பார்த்தான்.
போய்விட்டான்.

அன்றிரவே மழை.
வாளி, குண்டான், சூப் கிண்ணம்
எல்லாவற்றையும் பரப்பிக் காத்திருந்தோம்.
ஒரு சொட்டு இறங்கவில்லை.

“எத்தனை ஆணி அடித்தான்?”
இருட்டில் கேட்டாள் ஒடெட்.

நான் எண்ணவில்லை.