கீழ்த் தாடை, இடப்புறம், ஆறாவது

யெர்கோ மிஹோவிலோவிச் உள்ளே வந்தால்
முதலில் வருவது நண்டு வாசனை,
அப்புறம்தான் ஆள்.
பல் ஆடுகிறது என்றார்.
பல் ஆடவில்லை, அங்கே பல்லே இல்லை.
ஆடுவது மேலே வைத்த தொப்பி.
அதைப் பிடித்திருக்கும் திருகாணிக்குத்தான்
மரை கழன்றிருக்கிறது.
ஒரு சுற்று முறுக்கினால் தீர்ந்தது.
எந்தச் சாவியால்?

யார் வைத்தது?
ஒரு டாக்டர்.
எங்கே?
ஏதோ துறைமுகம். மான்டிவீடியோவாக இருக்கும்.
எந்தக் கம்பெனி?
"நேற்று நீங்கள் தின்ற நண்டு
எந்தக் கூண்டில் ஏறியது, தெரியுமா டாக்டர்?"

வெளியே மகெல்லன் நீரிணையின் காற்று.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஜனங்கள் வேலைக்குப் போகிறார்கள்.

முதல் எக்ஸ்ரே வீண்.
கதிர் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
சாய்ந்தால் மரைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து
வெறும் வெள்ளைக் குச்சி.
இரண்டாவதில் நேராக நின்றது,
எலும்பின் சாம்பல் நிறத்துக்குள்
ஒரு குட்டிக் கடப்பாரை.
கழுத்தில் ஒரு மில்லிமீட்டர் வழவழப்பு,
நெருக்கமாக மூன்று மரை,
பிறகு அகன்று எட்டு. இல்லை, ஒன்பது.
மறுபடி எண்ணினேன். எட்டுதான்.
அடி மழுங்கல். பக்கத்தில் ஒரு வெட்டு.

இந்த ஜாதியில் ஆயிரக்கணக்கில் உண்டு.
ஒருவன் செய்வான், ஒருவன் பார்த்துச் செய்வான்,
ஒருவன் கடையை மூடிவிட்டுப் போவான்.
செத்துப்போன கம்பெனியின் திருகாணி
உயிருள்ள வாயில் இருந்து
ரொட்டி மெல்லும்.

படத்தை வால்திவியாவில் ஒடெத் பாரியன்டோஸுக்கு அனுப்பினேன்.
நள்ளிரவில் பதில்: இரண்டில் ஒன்று.
ஒன்று கொரியா. மற்றது
அதைப் பார்த்து பிரேசிலில் செய்தது.
வெளியே அச்சு அசல் ஒன்றே.
திருகாணித் தலையில் மட்டும்
கொரியாவுக்கு ஆறு மூலை, பிரேசிலுக்கு நாலு.
நிழல் பக்கவாட்டில் எல்லாம் சொல்லும்,
மேலிருந்து எட்டிப் பார்க்க அதற்குத் தெரியாது.
தப்பான சாவி தலையை வழித்துவிடும்,
அப்புறம் குடைந்துதான் எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை யெர்கோவிடம் இதைச் சொன்னேன்.
சிரித்தார். தொப்பி அசைந்தது.
"என்ஜினில் கண்ணுக்கு எட்டாத ஆணி என்றால்
மெழுகுவத்தியை உருக்கி அமுக்குவோம்.
அச்சைப் பார்த்துச் சாவி எடுப்போம்."
எட்டு வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

பத்து வருட அழுக்கைத் துளையிலிருந்து வழித்தேன்.
பச்சை மெழுகு, குச்சி நுனியில் கடுகளவு.
அழுத்தி, ஆறவிட்டு, இழுத்தேன்.
விளக்கின் கீழே நாலு மூலை.

பிரேசில், என்றேன்.

"அப்படியானால் சான்டோஸ்," என்றார் உடனே,
யாரோ முகவரி கொடுத்ததுபோல.
"நல்ல மழை. கிரேன் பழுது.
டாக்டருக்கு மீசை, ஒரு பக்கம் மட்டும் நரை.
போகும்போது ஆணி அடித்தார்,
நாலு மாதம் கழித்துத் திரும்பும்போது பல் வைத்தார்.
போகும்போது என் தம்பி டான்கோ கூட இருந்தான்."

மேலே எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை; வாயில் பஞ்சை வைத்தேன்.

நாலு மூலைச் சாவி என்னிடம் இல்லை.
ஒடெத் விமானத்தில் அனுப்பினாள்,
மிட்டாய்த் தாளில் சுற்றி.
செருகினேன். பொருந்தியது
விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.
கால் சுற்று. இன்னொரு கால்.
கடித்துப் பாருங்கள் என்றேன். கடித்தார்.

அட்டையில் எழுதிக் கொடுத்தேன்:
பெயர், நீளம், அகலம், நாலு மூலை,
கீழ்த் தாடை, இடப்புறம், ஆறாவது.
அடுத்து இந்த வாயைத் திறப்பவர்
என்னைப்போல அலைய வேண்டாம்.
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"இன்னொரு நகல் வேண்டும்,
துறைமுக ஆபீஸில் கொடுத்து வைக்க."

எதற்கு?

குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.
"டான்கோவுக்கு எல்லாம் சொந்தப் பல்.
ஒரு சொத்தைகூடக் கிடையாது.
ஒரு தடவைகூடப் படம் எடுத்ததில்லை."

நகல் எடுத்தேன்.
எக்ஸ்ரேவையும் சேர்த்து வைத்தேன்,
நேராக விழுந்ததை.