ஆளில்லாத கடை

உலை வைக்குமுன் ஒரு பிடி.
எங்கள் மிசோ மலையில் வீட்டுக்கு வீடு அப்படித்தான்.
பானைக்கு அளந்த அரிசியில்
ஒரு கை அள்ளித் தனி டப்பாவில் போட்டுவிட்டுத்தான்
மிச்சத்தைக் களைவோம்.
அந்த டப்பா ஆண்டவருடையது.
சனிக்கிழமை ஸோதன்பாரி அக்கா சாக்கோடு வருவாள்.
எடை போடமாட்டாள், எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்,
கவிழ்த்துக்கொண்டு போவாள்.
சாக்குக்குள் விழுந்த பிறகு
என் அரிசி எது, எதிர்வீட்டு அரிசி எது?

மழைக்காலத்தில் சூமோவின் கியர்பாக்ஸ் போயிற்று.
ரெம்தங்கா கடன் வாங்கி மாற்றினான்.
மாதம் ஆறாயிரத்து இருநூறு, பத்தாம் தேதிக்குள்.
அன்றிலிருந்துதான்
என் கை கணக்குப் படிக்கத் தொடங்கியது.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.
முதலில் கட்டைவிரல் சற்று உள்ளே மடிந்தது.
பிறகு சுண்டுவிரல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டது.
குளிர் தொடங்கியபோது
உப்பு எடுப்பதுபோல மூன்று விரல் நுனியில்
ஆண்டவருக்கு அரிசி எடுத்துக்கொண்டிருந்தேன்.
ஜெபத்தை மட்டும் குறைக்கவில்லை.
அதற்கு விலை ஏறவில்லையே.
பண ஆசையைப் பற்றிப் போதகர் பிரசங்கித்த ஞாயிறு
சாலை காண்ட்ராக்டரை நினைத்துக்கொண்டு
நன்றாகத் தலையாட்டினேன்.

செலிங் தாண்டி மூன்றாவது வளைவில் எனக்கொரு கடை.
மூங்கில் தட்டு, மேலே தகரம்.
சௌசௌ, கடுகுக்கீரை, பேஷன் பழம்.
அட்டையில் கரிக்கட்டையால் விலை.
பால்பவுடர் டின்னில் காசு போட ஓட்டை.
ஆள் கிடையாது.
விடிகாலை அடுக்கிவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.
"திருடமாட்டார்களா?" என்று
வெளியூர் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.
"ஆண்டவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்பேன்,
கொஞ்சம் கர்வமாகவே.

ஒரு வியாழன் சாயங்காலம்
நாலு கட்டுக் கீரை போயிருந்தது.
எண்பது வரவேண்டும்,
டின்னில் ஐம்பதுதான்.
வயிறு எரிந்தது.
எதிர்மலைக்குக் கேட்கும்படி திட்டினேன்.
டின்னைத் தலைகீழாகத் தட்டினேன்,
மடித்த சிகரெட் அட்டை ஒன்று விழுந்தது.
முப்பது குறைகிறது. திங்கள் திரும்பி வருவேன்.
மன்னிக்கவும்.
பேர் இல்லை.
முழங்காலில் வைத்து எழுதியதுபோல
எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன்.
அரிசிக்குள் கை விட்டேன்.
மூன்று விரல்.
பக்கத்தில் டப்பா, வாய் திறந்தபடி.
இத்தனை மாதத்தில்
அதில் நான் ஒரு துண்டுச்சீட்டும் போட்டதில்லை,
குறைகிறது என்று,
திரும்பி வருவேன் என்று,
மன்னிக்கவும் என்று.

அப்போதுதான் உறைத்தது,
இந்தச் சமையலறையும் ஆளில்லாத கடைதான்.
தண்ணீர், விறகு, நெருப்பு,
பாயில் புரளும் பிள்ளையின் மூச்சு,
எல்லாவற்றையும் விடியுமுன் அடுக்கிவிட்டு
தோட்டத்துக்குப் போனவர்போல
முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

ஐந்து விரலும் விரித்து அள்ளினேன்.

சபையில் எழுந்து சாட்சி சொல்ல இதில் ஒன்றுமில்லை.
கடன் கரைந்துவிடவில்லை.
பத்தாம் தேதி பத்தாம் தேதியே வந்தது.
பிள்ளை இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்,
என் தட்டிலிருந்து போட்டேன்.
ரெம்தங்கா என் கையைப் பார்த்தான்,
டப்பாவைப் பார்த்தான்,
காதைச் சொறிந்துகொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை முப்பது ரூபாய் வந்ததா என்கிறீர்களா?
வரவில்லை.
அந்த அட்டையை வைத்திருக்கிறேன்,
ஆண்டவருடைய டப்பாவுக்கு அடியில்.

இப்போது ஒரே ஒரு சிக்கல்.
கை நிறைய அள்ளினால்
பானைக்கும் டப்பாவுக்கும் நடுவே
நாலு மணி சிந்திவிடுகிறது.
அது யாருடையது என்று
நான் குனிந்து யோசிப்பதற்குள்
கோழி முடிவு செய்துவிடுகிறது.