பாசித் தட்டு

காலை ஏழு மணிக்குக் கிருமிகளுக்குச் சமைக்கிறேன்.
லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து கிராம்
கடல்பாசித் தூள்,
இறைச்சிச் சாறு, கொஞ்சம் உப்பு.
குக்கர் என்றால் ஆளுயரக் குக்கர்,
நூற்றிருபத்தொரு டிகிரி, கால் மணி நேரம்.
ஆறவிட்டுப்
பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பேன்.
சுட வேண்டும், ஆனால் பொறுக்க வேண்டும்.
அந்தச் சூட்டில்தான் ஆட்டு ரத்தம் சேர்க்கலாம்.
முந்தினால் ரத்தம் கறுத்துவிடும்,
பிந்தினால் எல்லாம் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும்.
வேலூர் ஆஸ்பத்திரியில் இந்த வேலை
பதினோரு வருஷமாக.

மாலை மேல்விஷாரத்தில் அதே பாசி,
வெள்ளை வெள்ளையாய், நூல் நூலாய்.
ஊறவைத்து, கரையக் கொதிக்கவிட்டு, வடிகட்டி,
பால், சர்க்கரை, ஏலக்காய்,
பாதித் தட்டுக்கு மட்டும் ரோஸ் கலர்.
ஒவ்வொரு நோன்பிலும் ஒருமுறையாவது
ஜமீல் கேட்டுவிடுவார்:
"இது லேப்ல ஊத்தினதா, வீட்ல ஊத்தினதா?"

அவருக்கு ராணிப்பேட்டையில் தோல் கணக்கு எழுதும் வேலை.
சீவிய ஓரங்கள் எந்த லாரியில் ஏறி
ஜெலட்டின் ஆகப் போகின்றன என்று தெரிந்தவர்.
ஜெலட்டின் மே மாதத்து வேலூரில் நிற்காது.
மத்தியானம் கரண்ட் போனால் தண்ணீர்.
பாசி நிற்கும்.
ஒருமுறை உறைந்துவிட்டால்
எண்பது டிகிரிக்கு மேல்தான் இளகும்.
எங்கள் வெயிலுக்கு
இன்னும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

சத்து என்ன இருக்கு இதில் என்பாள்
நாத்தனார் ஜுபைதா, சர்க்கரைக்காரி.
பெரும்பாலும் நார்தான்.
நம் குடலுக்குச் செரிக்காது.
நான் வளர்க்கும் கிருமிகளில் முக்கால்வாசிக்கும் செரிக்காது,
அதனால்தானே அவற்றுக்குத் தரையாகப் போடுகிறோம்.
வயிற்றில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.
மலச்சிக்கலுக்கு...
நோன்பு திறக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்பார் ஜமீல்.
அயோடின் வேண்டுமென்றால் வேறு பாசி பார்க்கணும்,
இதைக் காய்ச்சி வெளுப்பதற்குள் அது போய்விட்டிருக்கும்.
நீ இரண்டாம் துண்டை எடுக்காதே, அதில் இருப்பது சீனி.
அவள் மூன்றாவதை எடுப்பாள்.

பதினெட்டாம் நோன்பன்று ஒரு படிவம்.
முத்துராக்கு, ஐம்பத்திரண்டு,
மாயாகுளம், ராமநாதபுரம் மாவட்டம்.
வலது ஆள்காட்டி விரல், நாலு மாதமாய் ஆறாத புண்.
தொழில் என்ற இடத்தில் யாரோ
பாசி என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

பஞ்சுக் குச்சியோடு போனேன்.
விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்களாம்,
துணியோடு சேர்த்துப் பார் கிழித்துவிட்டது என்றாள்.
கண் முழுக்க என் சிவப்புத் தட்டிலேயே இருந்தது.
"கட்டியா உறைஞ்சிருக்கே, என்னம்மா அது?"
கடல்பாசி.
"எந்தப் பாசி? கஞ்சிப்பாசியா, மரிக்கொழுந்தா?"

பதினோரு வருஷம் ஊற்றியவளுக்குத் தெரியவில்லை.
திரும்பிப் போய் டப்பாவைப் படித்தேன்.
தொகுதி எண் இருந்தது. காலாவதித் தேதி இருந்தது.
"மரிக்கொழுந்தாத்தான் இருக்கும்" என்று அவளே முடிவு செய்தாள்,
"அதுக்குத்தான் வெல."

தின்றிருக்கிறீர்களா?
"அதையா? யாவாரி தூக்கிட்டுப் போயிருவான்."

மறுநாள் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு
டிபன் பாக்ஸில் நாலு துண்டு கொடுத்தேன்.
கட்டுப் போட்ட வலது கையைக் காட்டி
மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்துவிட்டு
இடது கையால் எடுத்தாள்.
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
மென்றாள், ரொம்ப நேரம்.
"உப்பே இல்லையே" என்றாள்.

எனக்கு நோன்பு.
வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய தட்டில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை.
உடம்புச் சூட்டில், முப்பத்தேழில், வைத்தது அது.
கடலில் ஏறிய சில கிருமிகளுக்கு அந்தச் சூடு ஆகாது.
இன்னொரு தட்டை முப்பதில் வைத்திருக்கிறேன்.
ஆறு வாரம் கூட ஆகலாம்.
பெருநாள் கழிந்தும்
தினமும் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.