அரைப்பேர்

முடிசூட்டு ஞாயிறு.
டிக்கோயா மலையில் விடியலிலேயே மப்பு.
துரைமாருக்கு முன்வரிசை, மெத்தைப் பலகை;
நாங்கள் பின்னே, ஈரக் கம்பளிகளோடு.
பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ்,
ராசா தலை பதித்த தகரவில்லை.

உபதேசியார் புத்தகம் பார்த்து வாசித்தார்:
எங்கள் ராசாவுக்கு நீடித்த ஆயுசும்...
எல்லாரும் ஆமென் என்றார்கள்.
என் தாரம் வேதமணி சொல்லவில்லை.
முழங்காலிலிருந்து எழுந்தே விட்டாள்.
"சாமுவேல் சொன்னத வாசிங்கய்யா.
ராசா கேட்டவங்களுக்கு என்ன கெடைச்சதுன்னு."

திங்களும் செவ்வாயும் எங்களுக்கு அரைப்பேர்.
தராசில் கொழுந்து நிறைவாய்த்தான் நின்றது.
பெரிய கங்காணி சிரித்தார்:
"ராசா வேணாம்னா அவரு அரிசியும் வேணாமா?"

பிறகு, ஏழாம் லயத்துக் கோடிக் காம்பராவில்
எட்டுப் பேர் கூடினோம்.
சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை,
அங்கி போட்டவர் இல்லை.
குப்பி விளக்கடியில்
எழுத்துக் கூட்டி அவளே வாசித்தாள்.
அந்த ஒரு மணி நேரம்
நாங்கள் எந்தத் துரைக்கும் ஆளில்லை.

மாசியில் காமன் கம்பம் நட்டார்கள்.
தப்பைக் காய்ச்ச என் தம்பி பரமன்
எங்கள் வாசலில் சுள்ளி மூட்டினான்.
வேதமணி தண்ணீர் ஊற்றி அணைத்தாள்.
"இது தேவன் வீடு."

அவன் ஒன்றும் பேசவில்லை.
நனைந்த சுள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

இரவெல்லாம் மேல் லயத்தில் தப்பு.
அவள் ஜெபித்தாள்.
நான் கண்மூடி இருந்தேன்.
ஆமென் வரவேண்டிய இடத்தில்
என் விரல்
பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.