ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம்

தார்த்து நகரில் மார்ச் மாதம்.
எமாயிகி ஆற்றில் பனிப்பாளம்
உடைந்தும் உடையாமலும் கிடந்தது.
சைக்கிள் பட்டறைக்கு மேலே எங்கள் அறை:
பதினொரு நாற்காலி, ஒரு மேசைவிளக்கு,
படத்தைக் குத்திவைக்க ஒரு தக்கைப் பலகை.
ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம்.
அதுவரை எடுத்தவர் வாய்திறக்கக் கூடாது.
அதுதான் சட்டம்.

அன்று லேலோவின் முறை.
கையுறையைக் கழற்றாமலே ஊசி குத்தினாள்.
ஜன்னலோரம் ஒரு மனிதர்,
ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த புருவம்,
கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை.
படத்தின் கீழ்மூலை சற்றே சுருண்டிருந்தது.

குறை சொல்வதில் எனக்கொரு பேர் உண்டு,
நோகாமல் சொல்வேன் என்பார்கள்.
முதலில் ஒரு பாராட்டு, கடைசியில் ஒரு பாராட்டு,
நடுவே கசப்பு.
தேனில் குழைத்த மருந்து.

"ஒளி நன்றாக வந்திருக்கிறது.
கன்னத்தில் இறங்கித் தாடையில் நின்றுவிடுகிறது.
ஆனால் மூக்கின் நிழல் உதட்டை மிதிக்கிறது,
ஆளை ஒரு சாண் ஜன்னல்பக்கம் திருப்பியிருக்கலாம்.
விளிம்பு மணிக்கட்டை அறுக்கிறது.
கையைக் காட்டு, இல்லை விட்டுவிடு.
மற்றபடி, சாம்பல் நிறங்கள் அருமை."

எண்டெல் எழுந்தார்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"இடது கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை.
புள்ளி இல்லாத கண் பூட்டிய கடை."
வைக்கே காதைப் பிடித்துக்கொண்டாள்.
"காது கூர்மை, கண் மங்கல்.
நான் எதோடு பேச?"
யாரோ தாடையைப் பற்றி.
யாரோ அதற்குக் கீழே தொங்கும்
இன்னொரு தாடையைப் பற்றி:
"கழுத்தை நீட்டச் சொல்லியிருக்க வேண்டும், ஆமை மாதிரி."
சிரித்தோம்.
லேலோ சிரிக்கவில்லை.
அவள் பார்வை எங்களைத் தாண்டிக்
கதவுவரை போய்ப்போய் வந்தது.

நான்காம் நிமிடம்,
கதவோரக் கோட்டுக் குவியலுக்குள்ளிருந்து
ஓர் இருமல்.
அவளை அழைத்துப்போக வந்த கணவர்.
கார்ச்சாவி கையில், தொப்பி மடியில்.
அதே புருவம்.
அதே சட்டை, மேல்பொத்தான் மட்டும் திறந்து.
இன்னொரு தாடையும்.

எண்டெல் கண்ணாடியைக் கையிலெடுத்தார்.
படத்தைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்று தெரியாமல்
துடைக்கத் தொடங்கினார்.

"படத்துக்குள் இருப்பவனுக்கும் அந்தச் சட்டம் உண்டா?"
யாரிடமும் பதில் இல்லை.

"நிழல், புள்ளி எல்லாம் எனக்குத் தெரியாது.
ரொட்டிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். பேர் கல்யோ.
அந்தத் தாடை என்னுடையதுதான்,
அதில் இவள்மேல் தப்பில்லை.
ஆனால் அது நான் இல்லை.
படம் எடுக்கப்படுவதற்காக உட்கார்ந்திருக்கிற ஒருவன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு.
'முடிந்தது' என்றாள். மூச்சை விட்டேன்.
அதே நேரம் அடுப்பில் மீன் சூப் பொங்கி வழிந்தது.
ஓடினேன், கையைச் சுட்டுக்கொண்டேன்,
இவளை, மீனை, அடுப்பு செய்தவனை, எல்லோரையும் திட்டினேன்.
அப்போது கேமரா பைக்குள் இருந்தது.
முடிந்தது என்று சொன்ன பிறகு
ஒன்று எடுத்திருக்கலாம்."

மணி அடித்தது.
லேலோ பேசலாம்.
அவள் அவரைப் பார்க்கவே இல்லை.
என்னிடம் திரும்பி,
"மணிக்கட்டு என்றீர்களே,
எத்தனை விரற்கடை தள்ளி வெட்டலாம்?" என்றாள்.
மூன்று என்றேன்.
படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதினாள்: மூன்று.
அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதி
கையால் மறைத்துக்கொண்டாள்.

எல்லோரும் கோட்டு தேடும்போது
கல்யோ எண்டெலிடம் போய்
கழுத்தை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்,
இவ்வளவு போதுமா என்று.
"முடிந்தது, போகலாம்" என்றாள் லேலோ.
பையின் ஜிப்பை உரக்க இழுத்து மூடினாள்.

கேமரா பைக்குள் இல்லை.